கூலிக்காரனின் மேலாடை

1960ஆம் ஆண்டு, இஸ்ரேலின் மத்தியதரைக் கடற்கரையில், யவ்னே நகருக்கு அருகே ஒரு பழைய சிறுகோட்டையைத் தொல்லியலாளர்கள் தோண்டினார்கள். அங்கே கிடைத்த உடைந்த பானை ஓடுகள் சிலவற்றில் மையால் எழுதிய வரிகள் இருந்தன. துண்டுகளைப் பொருத்திப் படித்தபோது அது ஒரு மனு என்று தெரிந்தது. காலம் கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதி. மொழி எபிரேயம். மனு கொடுத்தவன் ஓர் அறுவடைக் கூலி. தலைவர் தம் அடியானின் சொல்லைக் கேட்க வேண்டும் என்று தொடங்குகிறான். அறுத்தாயிற்று, அளந்தாயிற்று, களஞ்சியத்திலும் சேர்த்தாயிற்று. அதற்குப் பிறகும் சோபாயின் மகன் ஓசாயா வந்து தன் மேலாடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வெயிலில் தன்னோடு நின்று அறுத்த சகோதரர்கள் எல்லாரும் சாட்சி சொல்வார்கள். தன்மேல் குற்றமில்லை. ஆடையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பறித்தவனின் பெயர் தகப்பன் பெயரோடு நமக்குக் கிடைத்திருக்கிறது. பறிகொடுத்தவனின் பெயர் அதில் இல்லை.

இந்த மனுவைப் படித்தவுடன் எபிரேய வேதத்தை அறிந்தவர்களுக்கு இரண்டு இடங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, யாத்திராகமம் 22ஆம் அதிகாரம். பிறனுடைய மேலாடையை ஈடாக வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு என்கிறது அந்தச் சட்டம். காரணத்தையும் சொல்கிறது: அவனிடம் போர்த்திக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான், வேறு எதில் படுத்துறங்குவான்? சட்டப் புத்தகத்தின் நடுவே இப்படி ஒரு கேள்வி. அதன் பிறகு கடவுளே நேராகப் பேசுகிறார்: அவன் என்னை நோக்கிக் கூப்பிட்டால் நான் கேட்பேன். இன்னொன்று, கி.மு. எட்டாம் நூற்றாண்டில் இஸ்ரேல் என்ற வடக்கு அரசில் முழங்கிய தீர்க்கதரிசி ஆமோஸின் வசை. ஈடாகப் பிடித்துவைத்த ஆடைகளை விரித்துப்போட்டு, அவற்றின்மேல் சாய்ந்துகொண்டு பலிபீடத்துக்குப் பக்கத்திலேயே விருந்துண்கிறார்கள் என்று பணக்காரர்களைச் சாடுகிறார் அவர். சட்டம், சட்டம் மீறப்பட்டதைக் கண்டு பொங்கும் குரல், மீறலுக்கு ஆளான ஒரு மனிதனின் சொந்த வாய்மொழி மூன்றும் ஒரே சமூகத்திலிருந்து நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பண்டைய உலகில் இது அரிது.

யூத மதம் உலகுக்கு என்ன தந்தது என்று கேட்டால் "ஒரே கடவுள்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். பள்ளிப் பாடநூல்கள் முதல் மேடைப் பேச்சு வரை இதுதான். எனக்கு அது பாதி விடையாகத்தான் படுகிறது. கடவுள் ஒருவரா பலரா என்பதைவிட, அந்த ஒருவர் ஏன் ஒரு கூலிக்காரனின் போர்வையைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பதுதான் எபிரேயர்களைத் தனித்துக் காட்டும் கேள்வி.

அடிமைகளின் வழி வந்தவர்கள்

இஸ்ரேல் என்ற பெயர் வரலாற்றில் முதலில் தலைகாட்டுவது எகிப்திய மன்னன் மெர்னெப்தா கி.மு. 1208 அளவில் வெட்டுவித்த வெற்றிக் கல்வெட்டில். பிளிண்டர்ஸ் பெட்ரி அதை 1896இல் தீப்ஸ் நகரில் கண்டெடுத்தார். இஸ்ரேல் பாழாயிற்று, அதன் வித்து இல்லை என்று அந்தக் கல் பெருமையடிக்கிறது. அரசர்களின் வெற்றிச் செய்திகளை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அதே காலத்தையொட்டிக் கானான் நாட்டின் நடுமலைப் பகுதியில் சிறு சிறு ஊர்கள் புதிதாக முளைத்தன. அரண்மனை கிடையாது, ஆடம்பரமான மண்பாண்டம் கிடையாது, பன்றி எலும்பும் அநேகமாகக் கிடையாது. வீட்டு அமைப்பும் பானை வனைந்த விதமும் கானானியருடையதை ஒத்தே இருக்கின்றன; மொழியும் பீனிசிய மொழிக்கும் மோவாபிய மொழிக்கும் நெருங்கிய உறவு. எகிப்திலிருந்து லட்சக்கணக்கானோர் பாலைவனம் கடந்து வந்ததற்குத் தொல்லியல் சான்று இல்லை. ஒரு சிறு குழு தப்பி வந்திருக்கலாம், அதன் நினைவு மலைவாழ் மக்கள் அனைவரின் நினைவாகவும் பரவியிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் பலர்.

நடந்தது எதுவாயினும், அந்த மக்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதையைக் கவனிக்க வேண்டும். அண்டை நாட்டு மன்னர்கள் தேவர்களின் பிள்ளைகளாகவும் செல்லங்களாகவும் தங்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது, இவர்கள் செங்கல் அறுத்த அடிமைகளைத் தங்கள் முன்னோர்களாகச் சொல்லிக்கொண்டார்கள். பத்துக் கட்டளைகளின் தொடக்கத்தில் கடவுள் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் விதத்தைப் பாருங்கள். வானத்தையும் பூமியையும் படைத்தவர் நான் என்று அவர் சொல்லவில்லை. அடிமைத்தன வீடாகிய எகிப்திலிருந்து உன்னை வெளியே கொண்டுவந்தவர் நான் என்கிறார். பின்னால் வரும் எல்லாக் கட்டளைகளும் இந்த வரியில்தான் தொங்குகின்றன.

அந்நியனை ஒடுக்காதே என்ற கட்டளைக்கும் இதே காரணம்தான்: நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்களே. இந்த எச்சரிக்கை வேதத்தில் முப்பத்தாறு முறை வருகிறது, இல்லை, நாற்பத்தாறு முறை என்று, யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூதின் அறிஞர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். பழைய தமிழ் வேதாகமம் இந்த அந்நியனைச் சில இடங்களில் "பரதேசி" என்கிறது. இன்று அது வசைச்சொல்லாகிவிட்டது. ஆனால் கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட யூதத் தொழுகைக்கூடத்துக்குப் பெயரே பரதேசி சினகாக்தான். அங்கே அந்தச் சொல் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர் என்ற பழைய பொருளை இழக்காமல் இருக்கிறது.

ஏக தெய்வக் கொள்கை முதல் நாளிலேயே முழுமையாக இறங்கி வந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சீனாய் பாலைவனத்தின் வடகிழக்கே குந்திலத் அஜ்ருத் என்ற இடத்தில், கி.மு. 800ஐ ஒட்டிய சாடிகளில், "சமாரியாவின் யாவேயும் அவருடைய அஷேராவும்" வாழ்த்த வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அஷேரா கானானியப் பெண் தெய்வத்தின் பெயர். யாவே என்பது இஸ்ரேலியர் கடவுளின் பெயர். அவருக்கு ஒரு துணைவி இருந்ததாகச் சாதாரண மக்கள் நம்பினார்களா, அல்லது அது ஒரு வழிபாட்டு மரத்தூணை மட்டும் குறிக்கிறதா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எப்படியானாலும், "வேறு தெய்வம் வேண்டாம்" என்று தீர்க்கதரிசிகள் தொண்டை கிழியக் கத்தினார்கள் என்றால், வேறு தெய்வங்களை மக்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்றுதான் பொருள்.

கல்லில் ஒரு சட்டம், சுருளில் ஒரு சட்டம்

பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டக்கல் எபிரேயச் சட்டங்களைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1901இல் ஈரானின் சூசாவில் தோண்டி எடுத்த அந்தக் கறுப்புக் கல் இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எபிரேயச் சட்டங்கள் ஆகாயத்திலிருந்து விழவில்லை. மெசபொத்தேமியச் சட்ட மரபின் பிள்ளைகள் அவை. முட்டும் மாடு ஆளைக் கொன்றால் என்ன செய்வது என்ற வழக்கு இரண்டிலும் இருக்கிறது. "கண்ணுக்குக் கண்" இரண்டிலும் இருக்கிறது. எனவே எதைக் கடன் வாங்கினார்கள் என்பதைவிட, வாங்கியதில் எதை மாற்றினார்கள் என்று பார்ப்பதே பயன் தரும்.

ஹம்முராபியின் சட்டப்படி, கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரனின் மகன் செத்தால் கொத்தனின் மகனைக் கொல்ல வேண்டும். தந்தையின் குற்றத்துக்குப் பிள்ளை உயிர் கொடுக்கிறது. எபிரேய வேதத்தின் இன்னொரு சட்ட நூலான உபாகமம், 24ஆம் அதிகாரத்தில் இதை நேராகத் தடுக்கிறது: பிள்ளைகளுக்காகத் தகப்பன்மாரும் தகப்பன்மாருக்காகப் பிள்ளைகளும் கொல்லப்படக் கூடாது, அவனவன் பாவத்துக்கு அவனவன்தான் சாக வேண்டும். ஹம்முராபியிடம் கோயில் சொத்தையும் அரண்மனைச் சொத்தையும் திருடியவனுக்கு மரணம். எபிரேயச் சட்டத் தொகுப்புகளில் சாதாரணத் திருட்டுக்கு மரண தண்டனை இல்லை. இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, ஐந்து மடங்கு என்று திருப்பிக் கொடுப்பதோடு சரி. ஆனால் ஒரு மனிதனைத் திருடி விற்றால் மரணம். பொருளை உயிரோடு ஒரே தராசில் வைக்க இந்தச் சட்டம் மறுக்கிறது.

இன்னும் கூர்மையான வேறுபாடு ஓடிப்போன அடிமை விஷயத்தில். பாபிலோனில் அப்படிப்பட்டவனை வீட்டில் ஒளித்துவைத்தால் வீட்டுக்காரனுக்கு மரணம். உபாகமம் 23 சொல்வது: எஜமானிடமிருந்து தப்பி உன்னிடம் வந்தவனைப் பிடித்துக் கொடுக்காதே, உன் ஊர்களில் அவனுக்குப் பிடித்த இடத்தில் அவன் இருந்துகொள்ளட்டும். அண்மைக் கிழக்கின் மற்றச் சட்டத் தொகுப்புகளில் இதற்கு இணையான விதியை நான் கண்டதில்லை. தப்பி ஓடியவர்களைப் பரிமாறிக்கொள்வது அரசுகளுக்கிடையிலான ஒப்பந்தங்களில் வழக்கமான நிபந்தனையாக இருந்த காலம் அது. அடிமை முறையை ஒழிக்கத் துணியாத ஒரு சட்டம், அடிமை தப்பிப்பதற்கு மட்டும் கதவைத் திறந்துவைக்கிறது. முரண்பாடுதான். ஆனால் அந்த முரண்பாட்டில்தான் பழைய எகிப்து நினைவு வேலை செய்கிறது.

கடன் விஷயத்துக்கு வருவோம். மெசபொத்தேமிய அரசர்கள் அவ்வப்போது கடன்களைத் தள்ளுபடி செய்து ஆணையிடுவதுண்டு. பாபிலோனின் அம்மிசதூக்கா பிறப்பித்த அப்படியோர் ஆணை இன்றும் நம் கையில் இருக்கிறது. அது அரசனின் கருணை. பட்டம் ஏறும்போது, நெருக்கடி வரும்போது, அவனுக்குத் தோன்றினால் கிடைப்பது. எபிரேயச் சட்டம் அதை அரசன் கையிலிருந்து பிடுங்கி நாட்காட்டியில் வைத்தது. ஏழாண்டுக்கு ஒரு முறை கடன் விடுதலை. ஐம்பதாம் ஆண்டில், விற்ற பரம்பரை நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பும். அந்த ஆண்டின் தொடக்கத்தை அறிவிக்க ஊதிய ஆட்டுக்கொம்புக்கு எபிரேயத்தில் "யோவேல்". நாம் விழா அழைப்பிதழ்களில் அச்சிடும் "ஜூபிலி" அங்கிருந்து வந்ததுதான். நிலம் திரும்பும் பகுதி மட்டும் வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது.

ஓய்வுநாளும் இந்த வரிசையில் சேரும். உபாகமத்தில் அதற்குச் சொல்லப்படும் காரணம், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்பது. மாட்டுக்கும் கழுதைக்கும்கூட அன்று விடுப்பு. ரோமானிய அறிஞர் செனெக்கா, யூதர்கள் வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கைச் சும்மா இருந்தே வீணாக்குகிறார்கள் என்று கேலி செய்தார். ஓய்வெடுப்பது அவருக்கு அன்றாடம் வாய்த்தது. அவர் வீட்டு அடிமைகளிடம் கேட்டிருந்தால் வேறு கருத்து கிடைத்திருக்கும்.

அரசனுக்கு மேலே

கி.மு. 672இல் அசீரியப் பேரரசன் எசரதோன், தனக்குக் கப்பம் கட்டிய சிற்றரசர்களிடம் ஓர் உறுதிமொழி வாங்கினான். தனக்குப் பின் வரப்போகும் அசுர்பானிபாலை உங்களைப் போலவே நேசியுங்கள். அவனுக்கு எதிராகப் பேசுபவன் உங்கள் உடன்பிறந்தானாக இருந்தாலும் காட்டிக்கொடுங்கள். மீறினால் இன்னின்ன சாபங்கள் வந்து சேரும் என்று அந்த ஒப்பந்தம் நீள்கிறது. எருசலேமைத் தலைநகராகக் கொண்ட தெற்கு அரசான யூதாவின் அரசன் மனாசேயும் அசீரியாவுக்குக் கட்டுப்பட்டவன். எசரதோனுக்குக் கட்டுப்பட்ட அரசர்களின் பட்டியல் ஒன்றில் அவன் பெயர் இருக்கிறது.

உபாகமத்தைத் திறந்தால் அதே தோரணை. உன் தேவனை முழு இருதயத்தோடு நேசி. வேறு தெய்வத்திடம் போகலாம் என்று சொல்பவன் உடன்பிறந்தானாக இருந்தாலும் விடாதே. மீறினால் பின்வரும் சாபங்கள். பேரரசன் நீட்டிய ஒப்பந்தப் படிவத்தை எருசலேமின் எழுத்தர்கள் எடுத்து, பேரரசனின் பெயர் இருந்த இடத்தில் கடவுளின் பெயரை எழுதிவிட்டார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கு இது பண்டைய உலகின் மிகத் துணிச்சலான எழுத்து வேலைகளில் ஒன்றாகத் தோன்றுகிறது. நம் முழு விசுவாசமும் ஒருவருக்கே உரியது, அந்த ஒருவர் அசீரியத் தலைநகர் நினிவேயில் உட்கார்ந்திருப்பவர் அல்லர் என்று அடிமை நாட்டின் எழுத்தன் சொல்லிவிடுகிறான். அந்தப் படிவத்தோடு பேரரசின் சகிப்பின்மையும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

சொந்த அரசனையும் இந்த எழுத்து விட்டுவைக்கவில்லை. உபாகமம் 17இன்படி அரசன் குதிரைகளைப் பெருக்கக் கூடாது, மனைவிகளைப் பெருக்கக் கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கக் கூடாது. இந்தச் சட்டத்தின் படி ஒன்றைத் தனக்கென எழுதி வைத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் படிக்க வேண்டும், தன் சகோதரர்களுக்கு மேலாகத் தலை நிமிரக் கூடாது. குதிரைகளுக்கும் மனைவிகளுக்கும் பொன்னுக்கும் பேர்போன அரசன் சாலமோனின் ஒவ்வொரு பெருமையும் இங்கே குற்றப்பட்டியலாக மாறிவிடுகிறது. ஹம்முராபியின் கல்லின் உச்சியில், நீதியின் தேவன் முன்னால் அரசன் நிற்கும் சிற்பம் இருக்கிறது. சட்டத்தை வழங்குபவன் அவன். இங்கே அரசன் சட்டத்தின் மாணவன்.

இதே மரபில்தான் தாவீதின் கதையையும் படிக்க வேண்டும். படைவீரன் உரியாவின் மனைவி பத்சேபாளை அபகரித்து, உரியாவைப் போர்முனையில் சாகவிட்ட அரசனிடம் நாத்தான் என்ற தீர்க்கதரிசி போய், நிறைய மந்தை வைத்திருந்த பணக்காரன் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்து வைத்த கதையைச் சொல்கிறார். தாவீது கொதித்து, அப்படிச் செய்தவன் சாக வேண்டியவன் என்கிறான். "அந்த மனிதன் நீதான்" என்கிறார் நாத்தான். அரசவைகளில் எழுதப்பட்ட வரலாறுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இது திகைப்பாக இருக்கும். தங்கள் ஆகப் பெரிய அரசனின் ஆகக் கேவலமான செயலை, மழுப்பாமல், புனித நூலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாபோத் என்பவனின் திராட்சைத் தோட்டத்துக்கு ஆசைப்பட்டு, தன் மனைவி யேசபேல் பொய்ச் சாட்சி வைத்து அவனைக் கொல்லவைக்க இடம்கொடுத்த அரசன் ஆகாபின் கதையும் அப்படித்தான்.

ஆமோஸைப் பற்றி ஒரு சொல். தெக்கோவா ஊர்க்காரர், ஆடு மேய்த்தவர், காட்டத்தி மரங்களைப் பராமரித்தவர். தெற்கிலிருந்து வடக்கே போய், பெத்தேல் ஆலயத்தில் நின்று, ஒரு ஜோடிச் செருப்புக்காக ஏழையை விற்கிறீர்கள் என்று கத்தினார். உங்கள் பண்டிகைகளை வெறுக்கிறேன், உங்கள் பாட்டுச் சத்தம் வேண்டாம், நியாயம் தண்ணீரைப் போல ஓடட்டும் என்று கடவுள் சொல்வதாகச் சொன்னார். இது அரசனின் கோயில், இங்கே பேசாதே, உன் ஊருக்கு ஓடிப்போய் அங்கே பிழைத்துக்கொள் என்று பூசாரி அமத்சியா துரத்தினான். வழிபாடு சரியாக நடந்தால் தெய்வம் திருப்தியடையும் என்பது அந்நாளைய பொது அறிவு. தெய்வமே வழிபாட்டை வேண்டாம் என்று தள்ளுகிறது, கூலிக்காரனுக்குச் செய்த அநியாயத்தால் பூசை செல்லாமல் போகிறது என்ற எண்ணம் அதற்கு நேர் எதிரானது.

கி.மு. 722ஐ ஒட்டி வடக்கு அரசின் தலைநகர் சமாரியா அசீரியாவிடம் விழுந்தது. கி.மு. 586இல் பாபிலோனின் நேபுகாத்நேச்சார் எருசலேமையும் ஆலயத்தையும் எரித்தான். அந்தக் கால வழக்கப்படி, தோற்ற நாட்டின் தெய்வமும் தோற்றுவிட்டது. மக்கள் வென்ற தெய்வத்திடம் போயிருக்க வேண்டும். யூதர்கள் தலைகீழாகக் கணக்குப் போட்டார்கள். கடவுள் தோற்கவில்லை, தீர்க்கதரிசிகள் எச்சரித்தபடி நாம்தான் தண்டிக்கப்பட்டோம் என்றார்கள். தோல்வியிலிருந்து குற்றவுணர்வு வந்தது; அதோடு, பாபிலோனையும் தன் கருவியாக ஆட்டிவைக்கும் ஒரே கடவுள் என்ற எண்ணமும் உறுதிப்பட்டது. நான் முன்பு சொன்ன "பாதி விடை"யின் மறுபாதி இங்கே இருக்கிறது: அறம்தான் ஏக தெய்வத்தை வாழவைத்தது.

ஆலயம் எரிந்த பிறகு

பாபிலோனிலிருந்து திரும்பியவர்கள் கி.மு. 515இல் கட்டி முடித்த இரண்டாம் ஆலயம் கி.பி. 70இல் ரோமானியத் தளபதி தீத்துவின் படையால் எரிந்தது. பலியிட இடமில்லை, பாவ நிவர்த்திக்கு வழியில்லை. ஒரு பழைய கதைப்படி, ரபி (யூத மத ஆசான்) யோசுவா இடிபாட்டைப் பார்த்து அழுதபோது அவருடைய ஆசான் யோகனான் பென் சக்காய், நமக்கு அதற்கு ஈடான வேறொரு நிவர்த்தி இருக்கிறது, இரக்கச் செயல்கள் என்று ஆறுதல் சொன்னார். பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்ற தீர்க்கதரிசி ஓசேயாவின் வரியைச் சான்று காட்டினார். அவர் கல்விக்கூடம் அமைத்த ஊர் யவ்னே. நம் கூலிக்காரன் மனு கொடுத்த அதே வட்டாரம்.

இங்கிருந்து யூத மதம் ஆலயத்தை விட்டுப் படிப்புக்கும் விவாதத்துக்கும் நகர்கிறது. கையில் சுருளும் பத்து ஆண்களும் இருந்தால் எங்கும் தொழலாம் என்றான மதம் வணிகர்களோடு கடல் கடந்தது. கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்தபடி யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடுகள் வட்டெழுத்தில் வெட்டப்பட்டவை.

தமிழ்க் கிறித்தவச் சூழலில், இயேசு காலத்து யூத மதப் பிரிவினரான "பரிசேயர்" என்றால் வெளிவேடக்காரர். "கண்ணுக்குக் கண்" என்றால் இரக்கமற்ற யூதச் சட்டம். இரண்டையும் கொஞ்சம் மறுபரிசீலனை செய்யலாம். ரபிகள் பரிசேயர்களின் வாரிசுகள். கி.பி. 200ஐ ஒட்டி யூதா ஹனாசி தொகுத்த, ரபிகளின் சட்ட நூலான மிஷ்னாவில், கண்ணுக்குக் கண் என்பது பணமாகத் தரப்படும் இழப்பீடாக மாறியிருக்கிறது. கணக்கு ஐந்து தலைப்பில்: உறுப்பு போனதற்கு, வலிக்கு, மருத்துவத்துக்கு, வேலையிழப்புக்கு, அவமானத்துக்கு. இன்றைய விபத்து வழக்கு வழக்கறிஞர் ஒருவரிடம் இதைக் காட்டினால் புருவத்தை உயர்த்தமாட்டார். மரண தண்டனை பற்றி அதே நூலில் ஒரு விவாதம். ஏழாண்டில் ஒருவனைக் கொல்லும் நீதிமன்றம் கொலைகார நீதிமன்றம் என்கிறார்கள். எழுபதாண்டில் ஒருவன் என்றாலும் அப்படித்தான் என்கிறார் எலெயாசர் பென் அசரியா. நாங்கள் அங்கே இருந்திருந்தால் ஒருவனும் செத்திருக்கமாட்டான் என்கிறார்கள் அகிவாவும் தர்போனும். அப்படியானால் நாட்டில் கொலைகாரர்களைப் பெருக்கியிருப்பீர்கள் என்று மடக்குகிறார் சிமியோன் பென் கமாலியேல். தீர்ப்பு சொல்லாமல் நூல் அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறது. எதிர்க்கட்சியின் வாதத்தையும் பெயரோடு பாதுகாப்பது இந்த மரபின் பழக்கம்.

வேதத்தோடும் இதே உரிமையில் வழக்காடினார்கள். பிதாக்களின் அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிப்பேன் என்று பத்துக் கட்டளைகளிலேயே இருக்கிறது. பாவம் செய்தவனே சாவான், மகன் தகப்பனுடைய பாவத்தைச் சுமப்பதில்லை என்றார் தீர்க்கதரிசி எசேக்கியேல். தல்மூத் கூச்சமில்லாமல் சொல்கிறது: மோசே ஒன்றை விதித்தார், எசேக்கியேல் வந்து அதை ரத்து செய்தார்.

சட்டம் தோற்ற இடங்களையும் மறைக்கவில்லை. ஏழாம் ஆண்டு நெருங்க நெருங்கப் பணக்காரர்கள் கடன் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஏழையைக் காக்க வந்த சட்டம் அவனுக்கே வினையாயிற்று. ஹில்லேல் என்ற யூத அறிஞர் ஒரு வழி செய்தார். "புரோஸ்புல்" என்ற பத்திரத்தின் மூலம் கடனை நீதிமன்றத்திடம் ஒப்படைத்தால் ஏழாம் ஆண்டு அதைத் தொடாது. மூல வசனத்தின் எழுத்தை வளைத்து அதன் நோக்கத்தைக் காப்பாற்றினார் என்று ஆதரவாளர் சொல்வார்கள். கடன் கொடுத்தவன்தானே தப்பித்தான் என்று கேட்பதற்கும் இடம் இருக்கிறது.

மேலாடைச் சட்டம் என்ன ஆயிற்று? மிஷ்னா அதை வளர்த்தெடுத்தது. ஈடு வாங்கப் போனவன் கடன்காரன் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும் என்று உபாகமம் முன்பே சொல்லியிருந்தது. ஈடாக வந்தது தலையணை என்றால் இரவில் திருப்பிக் கொடு, ஏர் என்றால் பகலில் திருப்பிக் கொடு என்றது மிஷ்னா. விதவை ஏழையோ பணக்காரியோ, அவளிடம் ஈடு வாங்கவே கூடாது என்றது.

ஏழைக்குக் கொடுப்பதை எபிரேயத்தில் "செதாக்கா" என்கிறார்கள். நீதியைக் குறிக்கும் "செதெக்" அதன் வேர். கருணையோடு அதற்குத் தொடர்பில்லை. தமிழில் இதை விளக்குவது எளிது. தெருவில் கை நீட்டுபவர் "தர்மம் போடுங்கள்" என்றுதானே கேட்கிறார். 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடஸ் இந்தக் கொடையை எட்டுப் படிகளாகப் பிரித்தார். முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. தொழிலோ கடனோ கூட்டோ ஏற்படுத்தித் தந்து, அவன் இனி யாரிடமும் கை நீட்டாமல் செய்வது முதல் படி.

ஒரே அதிகாரம், இரண்டு வசனங்கள்

கிறித்தவமும் இஸ்லாமும் இந்த மரபிலிருந்து எடுத்துக்கொண்டவை ஊரறிந்தவை. உன்னைப் போலப் பிறனையும் நேசி என்று இயேசு சொன்னது லேவியராகமம் 19இன் வரி. 1963இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங், நியாயம் தண்ணீரைப் போலப் புரண்டு வரும்வரை ஓயமாட்டோம் என்றது ஆமோஸின் வரி.

இதே நூல்களில் கானானியரை மூச்சுள்ள ஒன்றும் மிஞ்சாமல் அழிக்கச் சொல்லும் கட்டளையும் இருக்கிறது. அது அக்காலப் போர் வழக்கு, மோவாப் அரசன் மேசாவும் தன் கல்வெட்டில் இஸ்ரேலியருக்கு அதையே செய்ததாகப் பெருமைப்படுகிறான் என்று விளக்கலாம். யோசுவா என்ற தலைவன் பிடித்ததாக வேதம் சொல்லும் எரிகோ நகரில் அகழாய்வு செய்த கேத்லீன் கென்யன், அவன் காலத்துக்குரிய மதிற்சுவர் எதையும் காணவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். நடக்காத படுகொலையையும் கடவுளின் ஆணையாக எழுதி வைத்தார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பின்னாளில் அதைப் படித்துவிட்டு உண்மையிலேயே செய்தவர்கள் இருந்தார்கள்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் விடுதலை மணியில் லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தின் 10ஆம் வசனம் பொறித்திருக்கிறது: தேசமெங்கும் அதன் குடிகளுக்கெல்லாம் விடுதலை கூறுங்கள். மணி செய்ய ஆணையிட்டது 1751இல். அதே அதிகாரத்தின் 44 முதல் 46 வரையிலான வசனங்கள், அந்நிய இனத்தாரை நிரந்தர அடிமைகளாக வாங்கிப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச் செல்ல அனுமதிக்கின்றன. அடிமை ஒழிப்பாளர்கள் முன்னதைப் பிடித்துக்கொண்டார்கள், தோட்ட முதலாளிகளின் போதகர்கள் பின்னதைப் பிடித்துக்கொண்டார்கள்.

1807இல் லண்டனில் இன்னொரு வேலை நடந்தது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பு அடிமைகளுக்கென்று பொறுக்கியெடுத்த பகுதிகளை மட்டும் வைத்து ஒரு வேதாகமம் அச்சிட்டார்கள். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி அதில் இல்லை. யோசேப்பு அடிமையாக எகிப்துக்குப் போய், பொறுமையாக உழைத்து, உயர்ந்த கதை இருக்கிறது. அங்கிருந்து ஒரே தாவலில் நூல் சீனாய் மலைக்குப் போய்விடுகிறது. இடையில் மோசே எகிப்திய மன்னன் பார்வோனின் முன்னால் நின்று, என் ஜனங்களைப் போகவிடு என்று கேட்கும் பக்கங்களை அச்சுக் கோக்கவே இல்லை.